இரத்தப் புற்றுநோயும் குழந்தையின் குடும்பமும்



திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரித்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, நோயாளியின் அருகில் இருந்து பணிசெய்பவர் என்பவையே அந்த நான்கு. முதல் மூன்றைப் பற்றியும் வானொலியில் நாம் நிறையவே கேட்கிறோம். நான்காமவரைப் பற்றிக் கேட்பது குறைவு. இன்று நான் பேசப் போவது அந்த நான்காமவரைப் பற்றித்தான். அதிலும், இரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு குழந்தையின் அருகில் இருக்கும் தாய், தந்தை, பாட்டி, அண்ணன், அக்காள் ஆகியோரைப் பற்றிப் பேசப் போகிறேன்.

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்கு வானொலியை மூடிவிடத் தோன்றலாம். தயவுசெய்து மூடிவிடாதீர்கள். இந்தப் பேச்சில் நல்ல செய்தியும் இருக்கிறது. முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

நம் எலும்புகளுக்குள்ளே மச்சை என்ற மென்மையான பகுதி இருக்கிறது. இரத்த அணுக்கள் பிறக்கும் இடம் அதுதான். அங்கே முதிராத வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுவதே இரத்தப் புற்றுநோய். சிவப்பணு குறைவதால் குழந்தை வெளிறிப்போகிறது. ஓடியாடாமல் சோர்ந்து கிடக்கிறது. நோயை எதிர்க்கும் நல்ல வெள்ளையணு குறைவதால் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு குறைவதால் இலேசாக இடித்துக்கொண்டாலும் தோலில் கன்றிப்போகிறது. சிவப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. கால் வலிக்கிறது, எலும்பு வலிக்கிறது என்று பிள்ளை அழுவதும் உண்டு. இந்த அறிகுறிகள் பல சேர்ந்து வந்து சில நாட்களில் மறையாமல் இருந்தால், மருத்துவரிடம் காட்டி ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரத்தப் புற்றுநோய்தான். அதிலும் பெரும்பாலானது 'ஏ.எல்.எல்.' என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் வகை. இரண்டு முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது அதிகம் வருகிறது.

எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்த நோய் கண்ட பிள்ளை சில மாதங்களில் இறந்துவிடும். 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்த்ததை எழுதினார். பதினாறு பிள்ளைகளில் பத்துப் பேருக்கு நோய் பின்வாங்கியது. அது சில காலத்துக்குத்தான். நோய் மீண்டும் வந்துவிட்டது. ஆனாலும் கதவு சற்றே திறந்துவிட்டது. அந்த மருந்தைச் செய்து கொடுத்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் யார் தெரியுமா? ஆந்திராவில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவர். அவருடைய குழுவினர் உருவாக்கிய மெத்தோடிரெக்சேட் என்ற மருந்து இன்றும் இந்த நோய்க்குக் கொடுக்கப்படுகிறது.

பிறகு 1960களில் இன்னொரு மருந்து வந்து சேர்ந்தது. நம் வீட்டு வாசலிலும் கோயில் ஓரத்திலும் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூக்கிறதே நித்தியகல்யாணி, அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த வின்கிறிஸ்டின்தான் அது. இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். அந்தச் செடியைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடிக்கக் கூடாது. செடி நஞ்சுள்ளது. ஆய்வுக்கூடத்தில் பிரித்து, அளந்து, இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தும்போதுதான் அது மருந்து.

இப்படி மருந்துகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பல மருந்துகளை ஒரு முறைப்படி சேர்த்துக் கொடுக்கும் வழியும் தெரிந்தது. மலேசிய மருத்துவர்களும் சிங்கப்பூர் மருத்துவர்களும் கைகோத்து, 'மா-ஸ்போர்' என்ற பெயரில் ஒரு கூட்டுச் சிகிச்சை முறையை நடத்தினார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதில் சிகிச்சை பெற்றார்கள். 2012ஆம் ஆண்டு அதன் முடிவுகள் வெளியாயின. ஆறு ஆண்டுகள் கழித்தும் நூற்றுக்கு ஏறக்குறைய 88 பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். நூற்றுக்கு 80 பேருக்கு நோய் திரும்பவே இல்லை. இது எங்கோ வெள்ளைக்காரர் நாட்டில் நடந்ததன்று. நம் ஊர் மருத்துவமனைகளில், நம் பிள்ளைகளிடத்தில் கண்ட முடிவு.

நேயர்களே, இதுதான் நான் முதலில் சொல்ல விரும்பிய நல்ல செய்தி. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்க முடியும்.

அப்படியானால் வருத்தம் எங்கே இருக்கிறது? இந்தச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடிப்பதில்தான். ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு, மருந்துப் புட்டியோடு வீட்டுக்கு வரும் நோய் அன்று இது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு குடும்பம் தாக்குப்பிடிக்க வேண்டும். குடும்பம் நடுவழியில் ஓய்ந்துவிட்டால் சிகிச்சையும் அங்கேயே நின்றுவிடும். பாதியில் நிற்கும் சிகிச்சையால் நோய் போகாது.

இதற்கு ஒரு சான்று காட்டுகிறேன். பிரேசில் நாட்டின் வடகிழக்கில் ரெசிஃபே என்ற நகரம் இருக்கிறது. ஏழைகள் மிகுந்த வட்டாரம் அது. 1980களில் அங்கே இந்த நோய்க்குச் சிகிச்சை தொடங்கிய பிள்ளைகளில் நூற்றுக்கு 16 பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். மருத்துவமனையில் குழந்தைகளின் புற்றுநோய்க்கென்றே தனிப் பிரிவு அமைத்தார்கள். தாதியருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதோடு நிற்காமல், வெளியூரிலிருந்து வரும் தாய்மாருக்குத் தங்க இடமும், பேருந்துச் செலவும், உணவும் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். வராமல் போன குடும்பத்தைத் தேடிப் போய் விசாரித்தார்கள். 1990களின் பிற்பகுதிக்குப் பின், பாதியில் நின்றவர்கள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. நோய் திரும்பாமல் ஐந்தாண்டு கடந்த பிள்ளைகள் நூற்றுக்கு 32 என்றிருந்தது, 63 ஆக உயர்ந்தது. நல்ல மருந்தும் தேர்ந்த தாதியரும் அதற்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மருந்து பிள்ளையின் உடம்பில் போய்ச் சேர, தாய்க்குப் பேருந்துக் காசும் ஒரு படுக்கையும் தேவைப்பட்டன.

இனி நம் ஊருக்கு வருவோம். ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவோம். பெயர் வேண்டாம், எந்தக் குடும்பமாகவும் இருக்கலாம். தெலுக் இந்தான் பக்கத்தில் குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறார். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு பையன். பாலர் பள்ளிக்குப் போகும் ஆறு வயது மகள். வீட்டில் அப்பாவைப் பெற்ற பாட்டியும் இருக்கிறார். மகளுக்குத்தான் இந்த நோய்.

இந்த நோய்க்குச் சிகிச்சை தரும் பெரிய மருத்துவமனைகள் கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் பாரு போன்ற நகரங்களில்தான் இருக்கின்றன. ஆகவே அம்மாவும் மகளும் கோலாலம்பூருக்குப் போகிறார்கள். முதல் மாதம் முழுக்க மருத்துவமனைதான். அப்பா ஊரில் லாரி ஓட்டினால்தான் சம்பளம். மகளைப் பார்க்க வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். தையல் வேலை நின்றுவிட்டது. பையனுக்குப் பாட்டிதான் சமைத்துப் போட வேண்டும். பாட்டிக்கோ முட்டி வலி. ஒரு வீடு இரண்டு வீடாகிவிட்டது. வருமானம் ஒன்றரையிலிருந்து முக்காலாகிவிட்டது.

அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் குறைவுதானே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் பெற்றோரின் கையிருப்பைக் கரைப்பது மருத்துவமனைக் கட்டணம் மட்டுமன்று. பேருந்து, பெட்ரோல், வெளிச் சாப்பாடு, வேலைக்குப் போகாத நாட்கள் ஆகியவைதான் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன.

பணத்தைவிட முன்னதாக வந்து சேரும் ஒரு பாரமும் உண்டு. அது குற்ற உணர்வு. "நான் கர்ப்பமாக இருந்தபோது என்ன தின்றேனோ" என்று தாய் நினைக்கிறாள். "போன பிறவியில் யார் செய்த பாவமோ" என்கிறார் பாட்டி. "உங்கள் குடும்பத்தில்தான் யாருக்கோ இப்படி இருந்திருக்கிறது" என்று ஓர் உறவினர் மெல்லச் சொல்லிவிட்டுப் போகிறார். நேயர்களே, இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த நோய் ஏன் வந்தது என்று எந்த மருத்துவராலும் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. தாய் தின்ற பண்டத்தால் வந்ததன்று. கண்ணேறு பட்டு வந்ததன்று. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் அன்று. நோய்க்குக் காரணம் தேடிப் பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது, அவளுடைய பலத்தையெல்லாம் பறிப்பதாகும். அந்தப் பலம் குழந்தைக்குத் தேவை.

குழந்தையிடம் என்ன சொல்வது? பலர் ஒன்றும் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அம்மா கழிவறையில் போய் அழுதுவிட்டு வருவது தெரியும். காரணம் தெரியாத பிள்ளை, "நான் பென்சிலைத் திருடியதால்தான் சாமி ஊசி போடுகிறது" என்று கூட நினைத்துக்கொள்ளும். எளிய சொற்களில் உண்மையைச் சொல்வதே நல்லது. "உன் இரத்தத்தில் சில அணுக்கள் கெட்டுப்போய்விட்டன. மருந்து அவற்றைத் துரத்தும். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. ஊசி வலிக்கும், ஆனால் அம்மா பக்கத்திலேயே இருப்பேன்." இவ்வளவு போதும். வலிக்கிற ஊசியை வலிக்காது என்று சொன்னால், அடுத்த முறை பிள்ளை நம் பேச்சை நம்பாது.

சிகிச்சையின்போது கொடுக்கும் ஸ்டிராய்டு மருந்தால் பிள்ளைக்கு அகோரப் பசி எடுக்கும். நள்ளிரவில் எழுந்து சோறு கேட்கும். முகம் உப்பும். காரணமில்லாமல் கோபப்படும், அழும். வளர்ப்பு சரியில்லை என்று பார்ப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது. அது மருந்தின் வேலை. மருந்தை நிறுத்தியதும் தணிந்துவிடும். முடி கொட்டுவதும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போடும் வழக்கமுள்ள நமக்கு, மொட்டைத் தலையைப் பார்த்து முகம் சுளிக்கக் காரணமே இல்லை. சிங்கப்பூரில் 2003 முதல், இந்தப் பிள்ளைகளுக்குத் துணையாகப் பெரியவர்கள் பலர் தாங்களும் மொட்டை அடித்துக்கொண்டு நன்கொடை திரட்டியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பெற்றோர் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. அவற்றை உறவினரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, காய்ச்சல். மற்றப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்போம். இந்தப் பிள்ளைக்கு அப்படி இருக்கக் கூடாது. வெப்பமானி 38 பாகையைத் தொட்டால், அல்லது மருத்துவமனை எழுதிக் கொடுத்த அளவைத் தொட்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்துவிட்டு உடனே புறப்பட வேண்டும். நல்ல வெள்ளையணு குறைந்த உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் பெருகிவிடும். காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துச் சூட்டை அடக்கிவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. வீட்டில் வாகனம் இல்லையென்றால், நள்ளிரவில் யாரை எழுப்பலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அம்மை. நம் வீடுகளில் அம்மை போட்டால் வேப்பிலை செருகி, 'அம்மா வந்திருக்கிறாள்' என்று சொல்லிப் பக்தியோடு நடந்துகொள்கிறோம். அந்தப் பக்தியில் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது அம்மை கண்டிருந்தால் அந்தப் பிள்ளையிருக்கும் வீட்டுக்குப் போகாதீர்கள். தெரியாமல் போய்விட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பெற்றோர் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கான தடுப்பு மருந்தைச் சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பலன் உண்டு. தடுப்பூசி எதையும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பிள்ளைக்குப் போடக் கூடாது.

மூன்றாவது, மாத்திரை. கடுமையான மாதங்கள் கழிந்த பிறகு, ஓராண்டுக்கு மேல் வீட்டிலேயே தினமும் மாத்திரை சாப்பிடும் காலம் வருகிறது. முடி வளர்ந்துவிடும், முகத்தில் களை வந்துவிடும், பிள்ளை ஓடியாடும். அப்போதுதான் வீட்டுக்காரர்களுக்கு, "இன்று ஒருநாள் விட்டால் என்ன?" என்று தோன்றும். அமெரிக்காவில் செய்த ஆய்வுகளில், நூறு வேளை மாத்திரையில் ஐந்து வேளைக்கு மேல் தவறவிட்ட பிள்ளைகளுக்கு, நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள். நாட்காட்டியைச் சுவரில் மாட்டி, மாத்திரை கொடுத்ததும் ஒரு கோடு போடுங்கள். பத்து வயது அண்ணனிடம் அந்தப் பென்சிலைக் கொடுங்கள். அவனுக்கும் ஒரு பொறுப்புக் கிடைக்கும்.

அந்த அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் தங்கைக்குப் பொம்மை வாங்கி வருகிறார்கள். அவனைப் பார்த்து, "தங்கச்சி எப்படி இருக்கிறாள்?" என்று கேட்கிறார்கள். "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்க ஆளில்லை. அவனுக்குத் தங்கையின்மேல் பாசமும் இருக்கும், பொறாமையும் இருக்கும். பொறாமைப்பட்டதற்காகப் பயமும் இருக்கும். பள்ளியில் மதிப்பெண் குறையும். ஒரு மாமாவோ சித்தப்பாவோ வாரம் ஒருமுறை அவனைப் பந்து விளையாட அழைத்துப் போனால் அது பேருதவி. வகுப்பாசிரியரிடமும் வீட்டு நிலைமையைச் சொல்லி வைப்பது நல்லது.

உதவி எங்கே கிடைக்கும் என்று இனிப் பார்ப்போம். பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவு என்று ஒன்று உண்டு. நம்மவர் பலர் அந்த வாசலை மிதிப்பதே இல்லை. பிச்சை கேட்பதுபோல் இருக்கிறதே என்று கூசுகிறார்கள். கூச வேண்டியதில்லை. அங்குள்ள அதிகாரியின் வேலையே அதுதான். கட்டணச் சலுகை, மருத்துவ உதவி நிதி, சமூகநல இலாகாவின் உதவித் தொகை ஆகியவற்றுக்கு எந்தப் பாரத்தை நிரப்புவது, எந்தக் கடிதத்தை இணைப்பது என்று அவர் சொல்லித் தருவார். சேமநிதி உள்ளவர்கள், பிள்ளையின் கடும் நோய்க்கான மருத்துவச் செலவுக்கு அதிலிருந்து பணம் எடுக்க வழி இருப்பதையும் விசாரித்துக்கொள்ளலாம். வட்டிக்காரனிடம் போவதற்கு முன் இந்தக் கதவுகளைத் தட்டிப் பாருங்கள்.

1966இல் தொடங்கப்பட்ட தேசியப் புற்றுநோய்ச் சங்கம், வெளியூர்ப் பிள்ளைகள் பெற்றோருடன் தங்கிச் சிகிச்சை பெறக் கோலாலம்பூரில் ஒரு விடுதி நடத்தி வந்துள்ளது. மருத்துவமனைக்குள்ளேயே பாடம் நடத்தும் 'செக்கோலா டாலாம் ஹொஸ்பிட்டல்' என்ற பள்ளித் திட்டத்தைக் கல்வி அமைச்சு 2011ஆம் ஆண்டு தொடங்கியது. கையில் ஊசிக் குழாயோடு பிள்ளை வாய்பாடு சொல்வதைப் பார்த்தால் உங்கள் மனம் நெகிழும். படிப்புக் கெடக் கூடாது என்பது மட்டும் அதன் நோக்கமன்று. "எனக்கு நாளை என்று ஒன்று இருக்கிறது" என்ற எண்ணத்தையும் அந்தப் பாடம் பிள்ளைக்குத் தருகிறது.

சிங்கப்பூரில் 1992ஆம் ஆண்டு முதல் சிறார் புற்றுநோய் அறநிறுவனம் இயங்கி வருகிறது. அதன் சமூகப் பணியாளர்கள் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் குடும்பங்களைச் சந்தித்து ஆலோசனை சொல்கிறார்கள். பிள்ளை மீண்டும் பள்ளிக்குப் போகவும் துணை நிற்கிறார்கள்.

இவையெல்லாம் நிறுவனங்கள் செய்வன. உற்றார் உறவினரும் அண்டை வீட்டாரும் செய்யக்கூடியது என்ன?

"ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். "செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் பாட்டிக்கும் பையனுக்கும் சோறு என் வீட்டிலிருந்து வரும்" என்று சொல்லுங்கள். "புதன்கிழமை மருத்துவமனைக்குப் போகிறீர்களே, நான் காரில் கொண்டுபோய் விடுகிறேன்" என்று சொல்லுங்கள். முதல் மாதத்தில் உதவிக்கு வருகிறவர்கள் பலர். பதினைந்தாம் மாதத்தில் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஆகவே முடிந்தால், சிறிய உதவியை நெடுநாள் செய்யுங்கள். ஒரே நாளில் ஐந்நூறு வெள்ளி கொடுப்பவரைவிட, மாதம் இருபது வெள்ளியைப் பேருந்துக்கென்று இரண்டு ஆண்டுகள் கொடுப்பவர் அந்தத் தாய்க்கு அதிகத் தெம்பளிப்பார்.

பார்க்கப் போகும்போது கூட்டமாகப் போக வேண்டாம். சளி, இருமல் இருந்தால் போகவே வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையின் அருகில் போக வேண்டும். வெளிக் கடைப் பலகாரமும் கழுவாத பழமும் கொண்டுபோகாதீர்கள். எந்த ஊரிலோ ஒருவர் ஏதோ வேரைக் குடித்துப் பிழைத்தார் என்ற கதையையும் கொண்டுபோகாதீர்கள். நாட்டு மருந்து கொடுக்கப் பெற்றோருக்கு ஆசை இருந்தால், முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்கட்டும். சில மூலிகைகள் மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். கோயிலுக்கு நேர்ந்துகொள்வதில் தவறில்லை. ஆனால் தைப்பூசக் கூட்டத்தில் பிள்ளையைத் தூக்கிப்போவதைச் சிகிச்சை முடியும்வரை தள்ளி வையுங்கள். முருகன் காத்திருப்பான்.

இன்னோர் உதவி, இரத்த தானம். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்குப் பலமுறை இரத்தமும் தட்டணுவும் ஏற்ற வேண்டிவரும். தட்டணுவை ஐந்து நாள் போலத்தான் கெடாமல் வைத்திருக்க முடியும். ஆகவே தீபாவளி, பெருநாள் விடுமுறைகளிலும் யாராவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தோட்டத்து இளைஞர் மன்றமோ கோயில் நிருவாகமோ ஆண்டுக்கு ஒருமுறை இரத்த தான முகாம் நடத்தினால், பெயர் தெரியாத பல பிள்ளைகளுக்கு அது உதவும்.

அப்பாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஆண்பிள்ளை அழக் கூடாது என்று பழக்கிவிட்டோம். அம்மா மருத்துவமனையில் மற்றத் தாய்மாரோடு பேசி ஆறுகிறாள். அப்பா லாரியில் தனியே போய்க்கொண்டிருக்கிறார். சிலர் மதுவை நாடிவிடுகிறார்கள். ஒரு நண்பர் தேநீர்க் கடையில் அவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து, புத்திமதி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். கணவனும் மனைவியும் ஒவ்வோர் இரவும் தொலைபேசியில் பேசிக்கொள்ள வேண்டும். மாதத்தில் ஒருநாள் அப்பா மருத்துவமனையில் தங்கி, அம்மாவை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அம்மா நன்றாகத் தூங்கட்டும். மகனையும் மடியில் போட்டுக்கொள்ளட்டும்.

நேயர்களே, ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தும் சில பிள்ளைகளுக்கு நோய் திரும்பி வருகிறது. நூற்றுக்கு 88 என்றால், மீதியுள்ள பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் தாய் தந்தையர் உண்டு. நோய் திரும்பிய பிள்ளைகளிலும் வேறு மருந்தாலும், எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையாலும் குணமடைபவர் இருக்கிறார்கள். எதுவும் பலிக்காத நிலை வந்தால், வலியில்லாமல், பயமில்லாமல், தன் வீட்டாரின் நடுவே இருக்கும்படி குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் மருத்துவம்தான். அந்தப் பெற்றோரிடம், "வேறு மருத்துவமனைக்குப் போயிருக்கலாமே" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். காரியம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகும் அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள். அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைக் கேட்க அந்தத் தாய் ஏங்கியிருப்பாள்.

பெரும்பாலான வீடுகளிலோ முடிவு வேறாக இருக்கும். நம் ஆறு வயதுச் சிறுமிக்குச் சிகிச்சை முடியும்போது வயது எட்டோ ஒன்பதோ ஆகியிருக்கும். மருத்துவர் சொல்லும் தவணையில் பரிசோதனைக்குப் போய்வர வேண்டும். மற்றபடி அவள் பள்ளிக்குப் போவாள், மரம் ஏறுவாள், அண்ணனோடு சண்டை போடுவாள். அப்போது நாம் செய்ய வேண்டியது, அவளை மற்றப் பிள்ளைகளைப் போல நடத்துவது. ஆசிரியர் அவளைத் தனியே மூலையில் உட்கார வைக்க வேண்டாம். இருபது ஆண்டு கழித்துப் பெண் பார்க்க வருகிறவர்களிடம், "இவளுக்குச் சின்ன வயதில் இப்படி ஒரு நோய்" என்று யாரும் காதைக் கடிக்கவும் வேண்டாம். வந்த நோய் போய்விட்டது. அதை நாம் பேச்சில் உயிரோடு வைத்திருக்கக் கூடாது.

மருத்துவத்தின் நான்காம் கூறு, அருகில் இருந்து பணிசெய்பவர் என்று தொடக்கத்தில் சொன்னேன். ஒரு தாய் தனியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பணியைச் செய்ய முடியாது. அவளுக்குப் பின்னால் கணவன், கணவனுக்குப் பின்னால் உறவினர், அவர்களுக்குப் பின்னால் அண்டை வீட்டாரும் ஆசிரியரும் நண்பரும் நிற்க வேண்டும். உங்கள் வட்டாரத்தில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால், இந்த வாரமே ஒருநாள் சோறு சமைத்து எடுத்துக்கொண்டு போங்கள். போவதற்கு முன் கையைக் கழுவிக்கொள்ள மறக்காதீர்கள்.